இரு கடல்களை இணைத்த வழியில் மிதிவண்டிக்கு இடம் உண்டா?

கடந்த 2025 செப்டம்பர் 22 முதல் மிதிவண்டிக்கும் அதன் உதிரி பாகங்களுக்குமான சரக்கு மற்றும் சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. பெரிய கார்களுக்கும் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கும் நடந்த விவாதத்தின் இரைச்சலில் இந்தச் செய்தி அதிகம் கவனிக்கப்படவில்லை. மின்சார வாகனங்களுக்கான வரி 2019 ஆகஸ்டிலேயே 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுவிட்டது. அதாவது, பல லட்சம் ரூபாய் விலையுள்ள மின்சாரக் காரைவிட, நெசவுத் தொழிலாளி வாங்கும் மிதிவண்டிக்கு ஆறு ஆண்டுகளாக நாம் அதிக வரி விகிதம் விதித்துவந்தோம். தாமதமாக வந்தாலும் திருத்தம் வரவேற்கத்தக்கதே. ஆனால், கருமத்தம்பட்டியில் குடியிருக்கும் எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. விலை குறைந்த மிதிவண்டியை வாங்கியவர் அதை எந்தச் சாலையில் ஓட்டுவார்?

எங்கள் ஊரைக் கோவை – சேலம் தேசிய நெடுஞ்சாலை இரண்டாகப் பிரிக்கிறது. சாலை ஆறு வழியானபோது பயண நேரம் குறைந்தது, தொழில் வளர்ந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், சாலையின் ஒரு பக்கம் வீடும் மறு பக்கம் விசைத்தறிக்கூடமும் உள்ள தொழிலாளிக்கு அந்தச் சாலை கடக்க முடியாத ஆறுபோல் ஆகிவிட்டது. அணுகுசாலையில் எதிர்த்திசையில் வரும் லாரிகளுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் நடுவே மிதிவண்டிக்காரர் ஒடுங்கிச் செல்கிறார். நானே காலை வேளைகளில் சோமனூர் பக்கமாக ஓட்டிச் செல்லும்போது, நெடுஞ்சாலையைத் தாண்டும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே போகிறேன். ஓய்வுபெற்றவனுக்கு நேரம் இருக்கிறது. ஷிப்டுக்கு ஓடுகிறவருக்கு அது இல்லை.

இந்தியாவில் 2022-இல் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வேளாண்மை, வீட்டுத்தொழில் சாராத தொழிலாளர்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் வேலைக்கு மிதிவண்டியில் சென்றனர். நம் மாநில அரசு பிளஸ் 1 மாணவர்களுக்கு ஆண்டுதோறும் விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம், மிதிவண்டி ஓட்டுவதைக் கிராமப் பெண்களின் விடுதலைக் கருவியாகவே மாற்றிக்காட்டியது. வண்டி கொடுப்பதில் நாம் முன்னோடிகள். வழி கொடுப்பதில்தான் பின்தங்கிவிட்டோம்.

உலகின் பல பகுதிகளில் இந்தக் குறையைத் தீர்க்கச் சுற்றுலா ஒரு நுழைவாயிலாக அமைந்தது. ஐரோப்பாவில் 1990-களின் நடுவில் தொடங்கிய ‘யூரோவெலோ’ வலைப்பின்னல், அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல்வரை நாடுகளைக் கடந்து செல்லும் மிதிவண்டி வழிகளைக் கொண்டது. அதன் பெரும்பகுதி புதிதாகப் போட்ட சாலை அன்று. ஆற்றங்கரைப் பாதைகளையும் ஊர்ச்சாலைகளையும் பெயர்ப்பலகைகளால் இணைத்தது. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்காக 2012-இல் செய்யப்பட்ட ஆய்வு, மிதிவண்டிச் சுற்றுலாவின் பொருளாதார மதிப்பை ஆண்டுக்கு 4,400 கோடி யூரோ என மதிப்பிட்டது. ஜப்பானில் ஒனோமிச்சி, இமாபாரி நகரங்களுக்கு இடையே தீவுகளைப் பாலங்களால் கோத்துச் செல்லும் சுமார் 70 கிலோமீட்டர் ‘ஷிமானாமி’ வழி, கடலோரச் சிற்றூர்களுக்கு உலகப் பயணிகளைக் கொண்டுவந்தது.

கொங்கு நாட்டுக்குக் கடற்கரை இல்லை. ஆனால், இரண்டு கடற்கரைகளை இணைத்த பெருமை அதற்கு உண்டு. மேற்குக் கடலின் முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்த வணிகம், நொய்யல் கரையோரமாகப் பேரூர், வெள்ளலூர், கொடுமணல் வழியே கரூரை அடைந்து, காவிரியோடு கீழைக் கடல்வரை சென்றது. வெள்ளலூரில் கிடைத்த ரோமானிய நாணயங்களும், கொடுமணல் அகழாய்வில் வெளிப்பட்ட மணிக்கல் பட்டறைகளும், இரும்பு உருக்கிய தடயங்களும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் அதற்குச் சான்று. கோவையின் மேற்கே மலைச்சரிவில் தமிழிலும் வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்ட இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு, ஒரு சாலையின் பெயரையே கல்லில் காத்துவைத்திருக்கிறது. மாட்டு வண்டியின் வேகத்துக்காக உருவான இந்த வழிகளுக்கு, இன்றைய ஊர்திகளில் மிக நெருங்கிய உறவு மிதிவண்டிதான்.

ஒரு வழியை மட்டும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். கருமத்தம்பட்டியின் பழைமையான செபமாலை மாதா திருத்தலத்தில் தொடங்கி, உட்சாலைகள் வழியே அவிநாசி. சுந்தரர் தேவாரம் பெற்ற பெருங்கோயில் அங்கே. அங்கிருந்து சில கிலோமீட்டரில் திருமுருகன்பூண்டி. அடுத்து, 2022-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் ராம்சர் தகுதியும் பெற்ற நஞ்சராயன் குளம். வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளி, சமணக் கோயிலுள்ள விஜயமங்கலம், கைத்தறிப் போர்வைகளின் சென்னிமலை, இறுதியாக நொய்யலின் வடகரையில் கொடுமணல். ஏறத்தாழ 80 கிலோமீட்டர். நிதானமாகச் சென்றால் இரண்டு நாள் பயணம். தேவாரமும் சமணமும் கிறித்தவமும் சங்ககாலத் தொழிற்கூடமும் ஒரே வழியில் அமைந்திருப்பது அரிது.

இயற்கையும் ஒத்துழைக்கிறது. ஆனி, ஆடியில் கணவாய் வழியே வீசும் மேற்குக் காற்று, கிழக்கு நோக்கி ஓட்டுபவரின் முதுகைத் தள்ளும். திரும்பும்போது எதிர்காற்றில் திணற வேண்டியதில்லை. கோவை – ஈரோடு இருப்புப்பாதை இந்த வழிக்கு இணையாகவே செல்கிறது. விஜயமங்கலம், ஊத்துக்குளி, சோமனூர் நிலையங்களில் நிற்கும் சாதாரண ரயில்களில் மிதிவண்டியை ஏற்றிச்செல்ல எளிய ஏற்பாடு இருந்தால் போதும்.

இதன் பொருளாதாரம் எளிமையானது. ஆறு வழிச் சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், இடையிலுள்ள ஊர்களுக்கு எதையும் விட்டுச்செல்வதில்லை; அதன் செலவு சுங்கச்சாவடியிலும் பெரிய உணவகங்களிலும் முடிந்துவிடும். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் செல்லும் பயணி ஒவ்வொரு மணி நேரமும் நிற்பார். இளநீர், தேநீர், மதிய உணவு, பஞ்சர் ஒட்டும் கடை, இரவு தங்க ஓர் அறை என அவர் செலவழிக்கும் தொகை சிறிது. ஆனால் அது சிறியவர்களின் கைக்குச் செல்கிறது. ஊராட்சிச் சாலைகள் ஏற்கெனவே இருக்கின்றன. புதிய முதலீடு என்பது பெயர்ப்பலகைகள், குடிநீர், பெண்களும் பயன்படுத்தத்தக்க கழிப்பறைகள், நெடுஞ்சாலையைக் கடக்கும் இடங்களில் பாதுகாப்பு ஆகியவையே. கடைசியாகச் சொன்னதற்குத்தான் பணம் அதிகம் வேண்டும். பயணிகள் வந்தாலும் வராவிட்டாலும் அது செய்யப்பட்டே ஆக வேண்டிய செலவு.

எதிர்க்கேள்விகள் எழும். ‘லட்சம் ரூபாய் மிதிவண்டி வைத்திருக்கும் நகரத்தாரின் பொழுதுபோக்குக்கு ஏன் பொதுப்பணம்?’ என்பது அவற்றில் நியாயமானது. 2008 முதல் நடைபெறும் ‘டூர் ஆஃப் நீலகிரீஸ்’ போன்ற பயணங்களில் பங்கேற்போர் பெரும்பாலும் வசதி படைத்தவர்களே என்பதை மறுப்பதற்கில்லை. ஆகவே நான் முன்வைக்கும் அளவுகோல் ஒன்று உண்டு: தொழிலாளியும் மாணவியும் அன்றாடம் பயன்படுத்த முடியாத ஒரு சுற்றுலா வழியை அமைக்கவே கூடாது. குளக்கரையில் சில நூறு மீட்டருக்குச் சிவப்பு வண்ணம் பூசி, இரு முனையிலும் சாலையோடு இணைக்காமல் விட்டுவிடும் மிதிவண்டித் தடங்கள் படம் எடுக்க மட்டுமே உதவும். மாறாக, அவிநாசிக்கு வரும் பயணிக்காகப் பாதுகாப்பாக்கப்பட்ட கடவு, அதே பாதையில் பள்ளி செல்லும் பெண்ணுக்கும் பயன்படும். சுற்றுலா என்ற பெயரில் நிதி வரட்டும். பயன் ஊருக்குச் சேரட்டும்.

இன்னொரு பயனையும் நான் பெரிதாக மதிக்கிறேன். கொடுமணலுக்கு அருகில்தான் ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட அந்த அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் இடமாகிக் கீழ்ப்பகுதி உழவர்களின் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் நிலை வந்தது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தொழில்நகரமும், நம் காலத் தொழில்வளம் ஓர் ஆற்றிடம் வாங்கிய விலையும் அடுத்தடுத்து இருக்கின்றன. காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடப்பவருக்கு நொய்யலின் நிறமும் நாற்றமும் தெரியாது. மிதிவண்டியில் கரையோரம் செல்பவருக்குத் தெரியும். ஆள் நடமாட்டமும் கேள்வி கேட்பவர்களும் உள்ள ஆற்றில் இரவோடு இரவாகக் கழிவைத் திறந்துவிடுவது அவ்வளவு எளிதன்று.

தடையாக இருப்பது பணம் அன்று; பிரிந்து கிடக்கும் பொறுப்பு. ஊர்ச்சாலை ஊரக வளர்ச்சித் துறையிடம், கரை நீர்வளத் துறையிடம், கடவு நெடுஞ்சாலைத் துறையிடம், கோயில் அறநிலையத் துறையிடம், அகழாய்விடம் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. இவற்றை ஒரே மேசைக்கு அழைக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு உண்டு; கோவை, திருப்பூர், ஈரோடு ஆகிய மூன்று மாவட்டங்கள் சேர்ந்தால் ஒரு சோதனை வழியை ஓராண்டில் தொடங்கிவிடலாம். 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் 1,045 நீர்நிலைகளுக்கு நீர் கொண்டுசெல்ல வகைசெய்கிறது. நீர் நிறைந்த அந்தக் குளங்களின் கரைகளும், பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்காலின் கரையும் அடுத்தடுத்த கிளைவழிகளாக இணையலாம். பாசனத்துக்கோ கரையின் உறுதிக்கோ ஊறு நேராத இடங்களில், உழவர்களின் இசைவோடு மட்டுமே அதைச் செய்ய வேண்டும்.

சேரமான் பெருமாள் அளித்த பொருளோடு இந்த வழியே வந்த சுந்தரர், திருமுருகன்பூண்டியில் வேடர்களால் வழிப்பறிக்கு ஆளானார் என்பது தலவரலாறு. வழிப்போக்கனின் பாதுகாப்பைப் பற்றிக் கடவுளிடமே உரிமையோடு முறையிட்ட ஊர் அது. இன்று அங்கே வழிப்பறி வேடர்கள் இல்லை, வேகம் இருக்கிறது. சுந்தரர் தம் பொருளைத் திரும்பப் பெற்றார் என்று தலபுராணம் முடிகிறது. சாலையில் உயிரைப் பறிகொடுத்தவருக்கு அப்படி ஒரு முடிவு இல்லை. அவிநாசி சாலையைக் கடக்க மிதிவண்டியோடு காத்துநிற்கும் ஒரு தொழிலாளியிடமிருந்தே இந்தத் திட்டத்தின் முதல் வரைபடம் தொடங்கட்டும்.