கடல் தாண்டிப் போகிற பிள்ளை

போன வெள்ளிக்கிழமை, முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு அக்கா வந்தாள். கையில் வெற்றிலையும் கற்பூரமும்!

"பையன் பாரீசுக்கு வயலின் படிக்கப் போறான்ல? அங்கே எவளையும் காதலிக்க மாட்டேன்னு கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்லுடி. நீ சொன்னா கேப்பான்" என்றாள்.

சகோதரிகளே, எங்கள் புதுச்சேரியில் ஃபிரான்சில் உறவுக்காரர் இல்லாத தெருவே அபூர்வம். பிள்ளைகள் போவதும் புதிதில்லை, பெற்றவள் பயப்படுவதும் புதிதில்லை.

அவளுக்கு நான் ஜூபின் மேத்தாவின் கதையைச் சொன்னேன். பம்பாயில் சிம்பொனி இசைக்குழுவை உண்டாக்கிய மெஹ்லி மேத்தாவின் மூத்த மகன். டாக்டர் படிப்பை விட்டுவிட்டு, 1954ல் பதினெட்டு வயதில் வியன்னாவுக்குப் போனார். ஸ்வரோவ்ஸ்கி என்ற ஆசிரியரிடம் இசைக்குழுவை நடத்தும் வித்தையைக் கற்றார். அங்கேதான் பாட்டுப் படிக்க வந்த கனடாப் பெண் கார்மென் லாஸ்கியிடம் மனதைப் பறிகொடுத்தார். 1958ல் கல்யாணம். அதே வருஷம் லிவர்பூல் போட்டியில் முதல் பரிசு!

"நல்லாத்தானே போச்சு?" என்றாள் அக்கா.

நல்லாத்தான் போனது. 1961ல் மாண்ட்ரியால் இசைக்குழுவுக்குத் தலைமை, 1962ல் லாஸ் ஏஞ்சல்ஸ் இசைக்குழுவுக்கும். புகழ் ஏறியது, குடும்பம் நிலைக்கவில்லை. ஒரு பெண், ஒரு பிள்ளை பிறந்த பிறகு 1964ல் விவாகரத்து. இரண்டு வருஷம் கழித்து ஜூபினின் தம்பி ஜரின் கார்மெனை மணந்தார். சித்தப்பாவே பிள்ளைகளுக்கு அப்பாவானார். நம் காதுக்கு இது விநோதமாக இருக்கும். ஆனால், முறிந்து போனவளையும் அவள் பிள்ளைகளையும் அந்தக் குடும்பம் தெருவில் விடவில்லை, பார்த்தீர்களா?

அக்கா பேசவில்லை. எங்கள் தம்பி ஞாபகம் வந்திருக்கும்.

பல வருஷத்துக்கு முன் தம்பியும் அங்கே படிக்கப் போனவன்தான். போகும்போது இதே கற்பூரத்தில் சத்தியம் வாங்கினோம். அப்படியும் ஒரு பெண்ணை விரும்பினான், அது நிலைக்கவில்லை. ஒரு நாள் நடுராத்திரி போன் பண்ணி என்னிடம் அழுதான். நான் பாவி, என்ன சொன்னேன் தெரியுமா? "சத்தியம் பண்ணிட்டுத்தானே போனே? அனுபவி!" அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவனிடமிருந்து போனே இல்லை. சாப்பிட்டானா, தூங்கினானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போது பேசுகிறான், ஆனால் நலம் விசாரிப்பதோடு சரி.

வயலினை மாட்டிக்கொண்டு பையன் வந்தான். அவனிடம் சொன்னேன்: "சத்தியமெல்லாம் வேணாம்டா. படிப்பைக் கோட்டை விடாதே. அங்கே எது நடந்தாலும், எந்த ராத்திரியானாலும் சித்திக்குப் போன் பண்ணு. ஏன்னு கேக்க மாட்டேன். சாப்பிட்டியான்னுதான் கேப்பேன்."

அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கற்பூரத்தைப் பூஜை அறையில் ஏற்றினாள். நான் நார்த்தங்காய் ஊறுகாயைப் பாட்டிலில் அடைக்க உள்ளே போனேன்.

அதை அடைத்து முடித்ததும் தம்பிக்குப் போன் போட்டேன்.