பாதுகாப்புப் பாடம் யாருக்கு?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல்)

தொழில் வளர்ந்தால் நாடு வளரும் என்று மேடைதோறும் கேட்கிறோம். அத்தொழிலைச் செய்கின்ற கைகள் மாலையில் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்று பேசவும் இப்போது மேடைகள் ஏற்பட்டிருக்கின்றன. மகிழ்ச்சியே. சென்ற ஆண்டு எங்கள் மாவட்டத்தில் தொழிற் பாதுகாப்பைப் பற்றி இரண்டு நாள் மாநாடு ஒன்று நடைபெற்றது. நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் எங்கள் கல்லூரியிலிருந்து பன்னிரண்டு பேர் தொண்டர்களாகச் சென்றோம். வருவோருக்குக் கோப்பும் அடையாள அட்டையும் கொடுப்பது, மேடையில் தண்ணீர் வைப்பது, கேள்வி கேட்பவரிடம் மைக்கை எடுத்துக்கொண்டு ஓடுவது ஆகியவை எங்கள் பணி. மதியச் சாப்பாடு மிக நன்றாக இருந்தது என்பதையும் உண்மையின் பொருட்டுச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் எழுத வந்தது அங்கு நடந்த பாட வகுப்புகளைப் பற்றி.

‘கல்வி அமர்வு’ என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். தீக்காயத்துக்கு முதலுதவி, தூசியால் நுரையீரலுக்கு வரும் கேடு, இரைச்சலால் செவிக்கு வரும் கேடு, வேதிப் பொருள்களைச் சேமிக்கும் முறை என்று பல தலைப்புகள். பேசியவர்கள் கற்றவர்கள், பொறுப்புடன் தயாரித்து வந்திருந்தார்கள். நிலைமின்சாரத்தைப் பற்றி ஒரு பேராசிரியர் பேசியது என் மனத்தில் அப்படியே பதிந்துவிட்டது. நைலான் ஆடை உடுத்தி நடப்பவரின் உடலில் மின்னேற்றம் சேர்கிறது. காற்று வறண்டிருந்தால் இன்னும் அதிகம் சேர்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பொறி போதும், வெடிமருந்துத் தூள் பற்றிக்கொள்ள. ஆகவேதான் பருத்தி ஆடை. ஆகவேதான் மருந்து அறையின் வாயிலில் நிலத்தோடு இணைத்த செம்புத் தகடு. அதைத் தொட்டுவிட்டு உள்ளே நுழைந்தால் உடலில் உள்ள மின்னேற்றம் மண்ணுக்குள் இறங்கிவிடும். இவ்வளவையும் படம் போட்டுக் காட்டினார். வகுப்பில் எனக்கு விளங்காதது அன்று விளங்கியது.

எனினும் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கோப்பு கொடுக்கும் மேசையில் இருந்ததால் வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் என் கையில்தான் இருந்தது. ‘பதவி’ என்ற கட்டத்தில் மேலாளர், பொறியாளர், பாதுகாப்பு அலுவலர், மருத்துவர், விரிவுரையாளர் என்றெல்லாம் இருந்தன. தொழிலாளி என்று ஒருவர்கூட இல்லை. பேச்சில் முக்கால் பங்கு ஆங்கிலம். பாதுகாப்பு யாருக்கு வேண்டுமோ அவர் அந்நேரம் ஆலைக்குள் மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்!

முதலாளியோடு கூட வந்திருந்த வயதான போர்மேன் ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நிலைமின்சார அமர்வு முடிந்ததும் அவர் கையைத் தூக்கினார். மைக்கைக் கொண்டு போனவள் நானே. “ஐயா, நீங்க சொன்ன தகடும் எங்க அறையில இருக்கு, ரப்பர் விரிப்பும் இருக்கு. ஆனா கூலி உருப்படிக் கணக்குல. நிதானமாச் செஞ்சா அன்னைக்குக் கூலி குறையும். நிதானத்துக்கு யாருங்கய்யா கூலி கொடுப்பா?” என்று கேட்டார். அரங்கில் ஒரு கணம் அமைதி. அது இன்றைய தலைப்புக்குள் வராது என்று தலைவர் புன்னகையோடு சொல்லி மணியை அடித்தார். தேநீர் இடைவேளை வந்துவிட்டது.

அந்தக் கேள்வி தலைப்புக்குள் வராதா? அதுதானே தலைப்பு என்று எனக்குத் தோன்றியது.

தொழில் நோய்களைப் பற்றிய கல்வியின் வரலாற்றைப் புரட்டினால் அதன் தொடக்கமே இப்படிப்பட்ட ஒரு கேள்விதான் என்று அறிகிறோம். இத்தாலி நாட்டின் மொடேனா நகரில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற மருத்துவப் பேராசிரியர் இருந்தார். அவர் வீட்டுக் கழிவுக் குழியைச் சுத்தம் செய்ய வந்த தொழிலாளி மூச்சு வாங்க விரைந்து வேலை செய்வதைப் பார்த்து, ஏனப்பா இந்த அவசரம், மெதுவாகச் செய்யக்கூடாதா என்று கேட்டார். இந்த இடத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கண் போய்விடும் என்பது அவன் சொன்ன பதிலின் கருத்து. பேராசிரியர் திடுக்கிட்டார். பிறகு அத்தொழிலாளர்களின் கண்களைச் சோதித்துப் பார்த்தார். பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். 1700-இல் தொழிலாளர் நோய்களைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகளோடு ‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று அதில் வற்புறுத்தினார். அங்கே பாடம் சொன்னவன் குழிக்குள் நின்றவன், கேட்டுக்கொண்டவர் பேராசிரியர். நம் நாட்டில் இன்றும் கழிவுத் தொட்டிக்குள் இறங்கி மனிதர்கள் மடிகிறார்கள் என்பதை நினைக்கும்போது, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னே கேட்ட அந்தப் பதிலை நாம் காதில் வாங்கவே இல்லையோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

அதன் பிறகு மாநாடுகள் பெருகின. 1906-இல் மிலான் நகரில் தொழில்சார் நலத்துக்கான பன்னாட்டு ஆணையம் தோன்றியது. 1955-இல் ரோம் நகரில் தொழிற் பாதுகாப்புக்கான உலக மாநாடு தொடங்கியது. 1993-இல் அது புதுடெல்லியிலும் கூடியது. இவற்றால் நன்மை இல்லை என்று சொல்லுவது அறியாமை. நச்சுப் பொருள்களின் அளவுக்கு வரம்பு கட்டியதும், இயந்திரங்களுக்குக் காப்பு உறை போட வைத்ததும் இத்தகைய கூட்டங்களில் விதைத்த எண்ணங்களே. என் குறையெல்லாம் அறிவு மேலிருந்து கீழே இறங்கி வரும் வழியில் எங்கோ தங்கிவிடுகிறது என்பதுதான்.

எங்கே தங்குகிறது என்று நான் கண்டது என் வீட்டிலேயே. என் அம்மா பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கும் வேலை செய்கிறார். மாநாடு முடிந்த அன்று இரவு செம்புத் தகட்டைப் பற்றி அவரிடம் ஆர்வத்தோடு கேட்டேன். “அது தெரியாதா? தெனமும் தொட்டுட்டுத்தான் போறோம். கோயில் படியத் தொட்டுக் கும்பிடுற மாதிரி” என்றார். ஏன் தொடுகிறீர்கள் என்றேன். “தொடச் சொன்னாங்க, தொடுறோம்” என்றார். காரணம் தெரியாத பழக்கம் அவசர நாளில் கைவிட்டுப் போகும் பழக்கம் அல்லவா? தீபாவளி நெருங்கும்போது எத்தனை பேர் தொடுவார்கள் என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. சோற்றைப் போட்டு முடித்தார்.

பேச்சு வளர்ந்தது. மாலையில் அறையைக் கூட்டும்போது சிந்திய மருந்தை என்ன செய்வீர்கள் என்று விசாரித்தேன். “கொஞ்சம் தண்ணி தெளிச்சு மூலையில ஒதுக்கிருவோம். ஈரமா இருந்தா பத்தாதுல்ல” என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வேதியியல் படிக்கும் நண்பர்கள் இதை உடனே உணர்வார்கள். மற்றவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்யும்போது நைட்ரேட் இருக்கிறதா என்று அறிய, அதனுடன் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலும் அலுமினியத் தூளும் சேர்த்துச் சூடாக்குகிறோம். மூக்கைத் துளைக்கும் நெடியோடு அம்மோனியா வாயு வெளிவருகிறது. நைட்ரேட் சிதைந்து அம்மோனியாவாக மாறுகிறது. கூடவே வெப்பமும் உண்டாகிறது. பட்டாசு மருந்து பலவற்றில் இருப்பவை யாவை? நைட்ரேட் உப்பும் அலுமினியத் தூளும்தான். அதில் சிறிதளவு ஈரம் சேர்ந்தால் நாம் சோதனைக் குழாயில் செய்வது அங்கே தானாகவே மெல்ல மெல்லத் தொடங்கிவிடும். வெளிவரும் அம்மோனியா காரத்தன்மை உடையது. அந்தக் காரம் வினையை மேலும் விரைவுபடுத்தும். குவியலுக்குள் வெப்பம் வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போகும். இரவில் யாரும் இல்லாத அறையில், யாரும் தொடாமலே தீப்பிடிக்க இது போதும். இதைத் தடுக்கத்தான் கலவையில் போரிக் அமிலத்தைச் சிறிதளவு சேர்ப்பார்கள். அது மென்மையான அமிலம், காரத்தை அடக்கி வைக்கும். நிலைமின்சாரத்துக்கு வறட்சி துணை. இவ்வினைக்கோ ஈரம் துணை. இரண்டும் பகையான தொழிலில் நம் மக்கள் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார்கள்!

ஆக, அம்மாவும் அவரோடு வேலை செய்பவர்களும் பாதுகாப்பு என்று நம்பிச் செய்கிற ஒரு செயலே அவர்களுக்கு ஆபத்து. தொழிலாளிக்கு அனுபவத்தில் எல்லாம் தெரியும், படித்தவன் வாயை மூடிக்கொண்டால் போதும் என்று சிலர் பேசுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் போர்மேனின் கேள்விக்கு மேடை விடை சொல்லியிருக்க வேண்டும். அதுபோலவே அம்மாவின் தண்ணீர்த் தெளிப்புக்கும் மேடையில் உள்ள அறிவு வந்து சேர்ந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

அம்மோனியா நெடியைப் பற்றி விளக்கியபோது அம்மா சிறிது யோசித்துவிட்டு, “போன ஐப்பசி மழையில ஒரு நா அப்படி ஒரு வாடை வந்துச்சு. மூத்திர வாடைன்னு நெனச்சோம்” என்றார். அன்று என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு அம்மா என் எதிரே உட்கார்ந்திருந்ததே சான்று.

சட்டத்தில் குறையா என்றால் அதையும் முழுவதும் சொல்ல முடியாது. 1984 டிசம்பரில் போபால் நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பிறகு, 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தை 1987-இல் திருத்தினார்கள். தன் வேலையில் உள்ள ஆபத்தைப் பற்றிய விவரத்தைக் கேட்டுப் பெறவும், பாதுகாப்புப் பயிற்சி பெறவும் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று அத்திருத்தம் எழுதி வைத்தது. 1981-இல் உலகத் தொழிலாளர் நிறுவனம் நிறைவேற்றிய 155-ஆம் உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே சென்று, பாதுகாப்பு ஏற்பாடுகளால் தொழிலாளிக்கு எந்தச் செலவும் வரக்கூடாது என்றது. 2022 ஜூனில் பாதுகாப்பான பணியிடம் என்பதை அடிப்படை உரிமைகளின் வரிசையிலேயே அந்நிறுவனம் சேர்த்தது. பயிற்சி நாளின் கூலியை இழப்பதும் செலவு அன்றோ? அம்மா ஒருமுறை பயிற்சி வகுப்புக்குப் போயிருக்கிறார். என்ன சொன்னார்கள் என்று கேட்டதற்கு, “ஒரு நா கூலி போச்சு, ஒரு பொட்டலம் தக்காளி சாதம் வந்துச்சு” என்றார். பாடம் என்னவென்று நினைவில்லை. நாள் முழுவதும் ஓடாத கூலியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பவருக்குப் பாடம் எப்படி ஏறும்?

வகுப்பை ஆலைக்கே கொண்டு போக வேண்டும் என்பது என் கருத்து. மருந்து அறைக்குள் கூட்டம் கூடாது என்பது உண்மை. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கலாகாது என்பது அம்மாவுக்கே மனப்பாடம். ஆலை வளாகத்தில் வேப்ப மரத்தடி இருக்கிறதே! வேலை நேரத்தில், கூலியோடு, அரை மணி நேரம் போதும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு செய்தி. இன்று ஈரம்; அடுத்த வாரம் நைலான். ஸ்லைடு வேண்டியதில்லை. அந்த வாடை எப்படி இருக்கும் என்று ஒரு குப்பி அம்மோனியாக் கரைசலை முகரச் செய்தால் ஆயுளுக்கும் மறக்காது. பேச்சாளர் பாதி நேரம் பேசிவிட்டு மீதி நேரம் கேட்க வேண்டும். மாநாட்டில் கேள்வி நேரம் ஐந்து நிமிடம். அதிலும் மூன்று நிமிடம் நன்றியுரைக்குப் போய்விட்டது.

ஊருக்கும் இந்தப் பாடம் வேண்டும். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அப்போது நான் சிறுமி. இறந்தவர்களில் பலர் அங்கு வேலை செய்தவர்கள் அல்லர். புகையைக் கண்டு உதவ ஓடியவர்கள், பார்க்க ஓடியவர்கள். எரியும் பட்டாசு ஆலையை நெருங்கக்கூடாது, அடுத்தடுத்த அறைகள் வெடிக்கும் என்று அவர்களுக்கு எந்த அமர்வில் யார் சொன்னார்கள்? பள்ளிகளில் ஆண்டுக்கு ஒரு முறை மரம் நடுகிறோம். பட்டாசு ஊர்களின் பள்ளிகளில் இதையும் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தால் பாடத்திட்டம் கெட்டுப்போகாது.

அம்மாவும் பக்கத்து அறைப் பெண்கள் மூவரும் இப்போது மருந்தைக் கூட்டினால் தண்ணீர் தெளிப்பதில்லை. அன்றன்றைக்கே போர்மேனிடம் ஒப்படைத்து அழிக்கச் சொல்கிறார்கள். இதனால் பத்து நிமிடம் தாமதம் ஆகிறது என்று அங்கே சிறு முணுமுணுப்பு இருக்கிறதாம்.

அடுத்த மாநாடு வரும் மார்ச் மாதத்தில் என்று சொல்லுகிறார்கள். ஓர் அமர்வைத் தமிழில், தொழிலாளர்களை வைத்து, அவர்களுக்கு அன்றைய கூலியும் கொடுத்து நடத்த வேண்டும் என்று அமைப்பாளர்களுக்கு எங்கள் வகுப்பிலிருந்து பதினேழு பேர் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். இதை எழுதும் வரை பதில் வரவில்லை. அம்மாவிடம் கூப்பிட்டால் போவீர்களா என்று கேட்டேன். “கூலி உண்டுன்னா வாரேன். அந்தப் போர்மேனையும் கூப்பிடச் சொல்லு” என்றார்.