வரிசையை விற்றபின் பூங்காவில் எஞ்சுவது என்ன?

கேளிக்கைப் பூங்காக்களை வடிவமைத்த மூத்த தலைமுறையினர் இன்றைய பூங்காக்களைப் பற்றி மனம் கசந்து பேசும்போதெல்லாம், அதற்கு ஆயத்தமான மறுமொழி ஒன்று காத்திருக்கிறது: வயதானவர்களின் ஏக்கம். தம் கைபட்ட பொம்மை தம் காலத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும் என்கிறார்கள். காலம் யாருக்காகவும் நிற்பதில்லை. பூங்கா உரிமையாளர்கள் இதைச் சொல்வதில் வியப்பில்லை. பண்பாட்டு ஆய்வாளர்களும் இதையே வழிமொழிவதுதான் வியப்பு. இது சோம்பலான மறுமொழி. அம்மூத்தவர்களின் பேச்சில் ஏக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அதன் அடியில் தொழில்முறைக் குற்றச்சாட்டு ஒன்று இருக்கிறது. பெங்களூரு போன்ற நகரத்தில் வாழ்வோர் அக்குற்றச்சாட்டைக் காதுகொடுத்துக் கேட்டாக வேண்டும்.

1955 ஜூலையில் அனாஹைமில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோது, அதை வகுத்தவர்களில் பலர் கட்டடக் கலைஞர்கள் அல்லர். திரைப்படக் கலை இயக்குநர்களும் அசைவூட்ட ஓவியர்களும் ஆவர். ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்குப் பார்வையாளரை எப்படி நகர்த்துவது என்பது அவர்கள் அறிந்த கலை. எங்கே நிழல் வேண்டும், எந்தத் திருப்பத்தில் கோட்டையின் கோபுரம் கண்ணில் பட வேண்டும், குழந்தையைத் தோளில் சுமக்கும் தந்தை எங்கே உட்காருவார் என்பனவே அவர்களின் வினாக்கள். பூங்கா திறந்த ஆண்டிலிருந்து 2009 வரை அந்நிறுவனத்தில் பணியாற்றிய மார்ட்டி ஸ்க்ளார், தம் வடிவமைப்பாளர்களுக்கு வகுத்த பத்து விதிகளுள் ஒன்று, விருந்தினரின் நிலையில் தம்மை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது. வரைபலகையை விட்டுவிட்டு வந்து வெயிலில் நிற்பதும் அவர்களுக்கு வேலையின் ஒரு பகுதியாக இருந்தது.

இந்த மரபிலிருந்துதான் அதிருப்தியும் பிறந்தது. 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் யுனிசெஃப் அமைப்புக்காக உருவாக்கப்பட்டுப் பின்னர் டிஸ்னிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ படகுச் சவாரியின் வண்ண உலகம், மேரி பிளேர் என்னும் ஓவியரின் படைப்பு. அங்கே பெயரில்லாத குழந்தைகள் மட்டுமே இருந்தனர். நிறுவனத்தின் திரைப்படப் பாத்திரங்களை அதற்குள் நுழைக்கும் திட்டம் 2008இல் வெளிப்பட்டபோது பிளேரின் குடும்பத்தார் வெளிப்படையாக எதிர்த்தனர். 2009இல் பாத்திரங்கள் நுழைந்தே விட்டன. பொம்மைகளின் எண்ணிக்கையைப் பற்றியதன்று அந்தத் தகராறு. எந்தக் குழந்தையும் தன்னைக் காணக்கூடிய இடத்தில் இனி விற்பனைக்குரிய முகங்கள் இருக்கும் என்பதே அதன் பொருள்.

இந்தியாவில் இக்கலைக்குத் தனி வரலாறு உண்டு. அதுவும் பெரும்பாலும் தெற்கில். நாட்டின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தா’னை 1984இல் தயாரித்த நவோதயா அப்பச்சன்தான் 1995இல் தாம்பரத்தை ஒட்டி கிஷ்கிந்தாவை நிறுவினார். சிறுவர்கள் சுவரிலும் கூரையிலும் நடக்கும் பாடற்காட்சிக்காக அப்படத்தில் அறையையே சுழலவைத்த கைவேலையும், குழந்தைகளை மலைக்கவைக்கும் பூங்காவும் ஒரே பட்டறையின் இரு பிள்ளைகள். 1977இல் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்யத் தொடங்கிய கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி 2000இல் கொச்சியில் வீகாலாந்தையும், 2005இல் மைசூரு சாலையில் பிடதிக்கு அருகே பெங்களூரு வொண்டர்லாவையும் திறந்தார். வெளிநாட்டிலிருந்து வாங்கிய சவாரிகளோடு, தம் பட்டறையிலேயே செய்த சவாரிகளையும் அந்நிறுவனம் இயக்கிவந்துள்ளது. பற்றவைப்பவர், வார்ப்புக்காரர், மின்பணியாளர், ஓவியர் ஆகியோரின் கூட்டு உழைப்பு இது. தெற்கத்திய நடுத்தரக் குடும்பங்கள் ஒரு நாளேனும் தம் பிள்ளைகளோடு சேர்ந்து அலறிச் சிரித்ததற்குப் பின்னால் இவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வடிவமைப்பாளர்கள் அனைவருக்கும் பொதுவாக இருந்த பெருஞ்சிக்கல் ஒன்றே: வரிசை. எத்தனை சிறந்த சவாரியும் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு முன் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். ஆகவே நாளின் பெரும்பகுதி வரிசையில்தான் கழிகிறது. நல்ல வடிவமைப்பாளர் வரிசையையே படைப்பாக்கினார். 1995இல் டிஸ்னிலாந்தில் திறக்கப்பட்ட ‘இண்டியானா ஜோன்ஸ்’ சவாரியில், வண்டியில் ஏறுவதற்கு முன் மக்கள் நெடுந்தொலைவு ஒரு பாழ்கோயிலின் குகைகள் வழியே நடப்பார்கள். கதை அங்கேயே தொடங்கிவிடும். காத்திருப்பின் வருத்தத்தைக் குறைக்க முடியாதபோது, அதைப் பகிர்ந்துகொள்ளத்தக்க அனுபவமாக்கினார்கள். முன்னே நிற்பவரும் பின்னே நிற்பவரும் அடுத்தவரின் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கும் இடம் அது.

அந்த வரிசைதான் இன்று விலைக்கு வந்திருக்கிறது. டிஸ்னி 1999இல் தொடங்கிய ‘ஃபாஸ்ட்பாஸ்’ அனைவருக்கும் இலவசம்; குறித்த நேரத்தில் திரும்பி வந்தால் போதும். 2021இல் அதன் இடத்தைக் கட்டண வழி பிடித்தது. பெங்களூரு வொண்டர்லாவும் சாதாரணச் சீட்டைவிடக் கூடுதல் விலைக்கு ‘ஃபாஸ்ட்டிராக்’ சீட்டு விற்கிறது. வரிசையைத் தாண்டிச் செல்லலாம் என்பதே அதன் விளம்பரம். ஒரு நிறுவனத்தை மட்டும் பழிக்கும் செய்தியன்று இது. உலகெங்கும் பூங்காத் தொழில் சென்றடைந்திருக்கும் வழி இதுவே.

இதில் என்ன குற்றம், விரும்பியவர் வாங்குகிறார், மற்றவருக்கு என்ன இழப்பு என்று கேட்போர் எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு சவாரி மணிக்கு 600 பேரை ஏற்றும் என்று கொள்வோம். 600 பேர் நிற்கும் வரிசை ஒரு மணி நேரத்தில் தீரும். அவற்றுள் 200 இருக்கைகளை விரைவு வழிக்கு ஒதுக்கினால், அதே 600 பேர் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். எவருடைய நேரமும் புதிதாக உண்டாக்கப்படவில்லை. ஒருவரிடமிருந்து எடுத்து மற்றவருக்கு விற்கப்பட்டிருக்கிறது. எடுக்கப்பட்டவருக்கு எந்த ஈடும் இல்லை.

இதைவிடக் கொடியது அடுத்த படி. வரிசை குறுகியதாக இருந்தால் விரைவுச் சீட்டை யார் வாங்குவார்? பொது வரிசை எவ்வளவு நீளமோ, எவ்வளவு வெயிலோ, அவ்வளவுக்குச் சிறப்பு வழியின் மதிப்பு கூடும். வரிசையைச் சுருக்குவதும் இனிதாக்குவதும் முன்பு பூங்காவின் நலனாக இருந்தன. இன்று அவை வருவாயைக் குறைக்கும் செலவுகள். நிழற்கூரை, மின்விசிறி, குடிநீர்க் குழாய், கூடுதல் பெட்டி ஒன்று என எதைக் கேட்டாலும் கணக்கேடு தடுக்கும். வடிவமைப்பாளரின் வேலைக்கே எதிராகச் சம்பளம் கொடுக்கும் அமைப்பு இது. மூத்தவர்களின் குற்றச்சாட்டின் உள்ளீடு இதுதான். இதில் நகைமுரண் ஒன்றும் உண்டு: வரிசையிலேயே கதை சொல்லும் சவாரிகளில், கூடுதல் பணம் கொடுத்தவர் அக்கதையின் ஒரு பகுதியைக் காணாமலே கடந்து செல்கிறார். அதிகம் கொடுத்தவர் குறைவாகப் பார்க்கிறார். குறைவாகக் கொடுத்தவர் அதிகம் நிற்கிறார்.

எதிர்வாதங்களைப் புறந்தள்ளலாகாது. பூங்கா தொடக்கத்திலிருந்தே வணிகம்தானே என்பர். ஆம். 1982 வரை டிஸ்னிலாந்தில் சவாரிக்கேற்பச் சீட்டு வகை இருந்தது. சிறந்த சவாரிக்கு விலைமிகுந்த சீட்டு. ஆனால் அந்தச் சீட்டு, எந்தச் சவாரியில் ஏறலாம் என்பதைத்தான் தீர்மானித்தது. யாருக்கு முன்னால் யார் நிற்கலாம் என்பதை அல்ல. நுழைவுக் கட்டணமே ஏழைகளை வெளியே நிறுத்திவிடுகிறதே, உள்ளே சமத்துவம் பேசுவது போலி அல்லவா என்றும் கேட்பர். வலுவான வினா. ஆயினும் வாசலில் ஓர் அநீதி இருப்பதால் உள்ளே இன்னொன்றை வரவேற்க வேண்டும் என்று அதிலிருந்து பெறப்படாது. ஆண்டு முழுதும் சேமித்து வந்த குடும்பத்துக்கு அந்த வாசல் ஒரு வாக்குறுதி அளித்தது: உள்ளே வந்துவிட்டால் அனைவரும் விருந்தினரே. முறிந்தது அந்த வாக்குறுதி.

தருமபுரியிலிருந்தோ ஓசூரிலிருந்தோ விடியற்காலையில் புறப்படும் பள்ளிச் சுற்றுலாப் பேருந்தை எண்ணிப் பார்க்கலாம். உள்ளே நாற்பது பிள்ளைகள். மாலை ஐந்து மணிக்குப் பேருந்து கிளம்பியாக வேண்டும். அவர்களுக்கு அரை மணி நேரத் தாமதம் என்பது சலிப்பன்று, ஒரு சவாரி. அருகிலுள்ள தடத்தில் தம் வயதுப் பிள்ளைகள் விரைந்து ஏறுவதைப் பார்த்து அவர்கள் கற்கும் பாடம் எந்தப் பாடநூலிலும் இல்லை. ஆனால் எளிதில் மறப்பதில்லை.

தமிழருக்கு இப்பாடம் புதிதும் அன்று. பொது தரிசன வரிசையும் சிறப்பு தரிசன வரிசையும் ஒரே கருவறைக்கு இட்டுச்செல்லும் கோயில்களில் வளர்ந்த சமூகம் இது. திருப்பதியின் 300 ரூபாய்ச் சீட்டைப் பற்றிப் பேசாத குடும்பம் அரிது. கடவுள் முன்னிலையிலேயே ஏற்றுக்கொண்டதைக் கேளிக்கையில் ஏற்றால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். கோயில்களில் கட்டண தரிசனத்தை ஒழிக்க வேண்டும் என்ற குரல் இன்றும் ஓயவில்லை. அதை அநீதி என்று அழைக்கும் சொல்லேனும் அங்கு உயிரோடு இருக்கிறது. பூங்காவில் அதே செயல் ‘வசதி’ என்ற பெயரில் எதிர்ப்பின்றி நுழைந்திருக்கிறது.

இங்கு ஆய்வுலகின் பொறுப்பு சிறிதன்று. உம்பர்த்தோ எக்கோவும் ழான் போத்ரியாரும் டிஸ்னிலாந்தை எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் போலிமையின் தலைநகரமாக வாசித்தனர். கூர்மையான வாசிப்புகள்தாம். ஆனால் அவற்றை மேற்கோள் காட்டிவிட்டு நகர்வதே பூங்கா ஆய்வு என்றாகிவிட்டது. பூங்கா போலி என்று முன்பே முடிவுகட்டியவர்களுக்கு, அதில் எது கெட்டுப்போயிற்று என்று கேட்கத் தோன்றாது. யார் வகுத்தார், யார் பற்றவைத்தார், வரிசையில் யார் நின்றார் என்ற வினாக்கள் எழுப்பப்படவே இல்லை. அப்பச்சன் 2012இல் மறைந்தார். 1984இல் திறந்த தில்லியின் அப்பு கர் 2008இல் மூடப்பட்டது. 1989இல் மும்பையில் தொடங்கிய எஸ்ஸெல்வேர்ல்டும் 2022இல் மூடப்பட்டது. அவற்றைக் கட்டிய கைகளின் வாய்மொழி வரலாறு பதிவாகாமலே கரைந்துகொண்டிருக்கிறது. பேசுவதற்கு அவர்கள் இருக்கும்போது ஏக்கம் என்று ஒதுக்கிவிட்டு, இல்லாதபோது ஆவணக்காப்பகம் இல்லையே என்று வருந்துவது ஆய்வறம் ஆகாது.

பெங்களூருக்கு இதில் தனிக் கடப்பாடு உண்டு. இந்நகரமே ஒருவகையில் வகுக்கப்பட்ட பூங்கா. 1908இல் மைசூர் அரசின் பணிக்கு வந்த ஜெர்மானியத் தோட்டக்கலைஞர் குஸ்தாவ் ஹெர்மன் க்ரும்பீகல், ஒரு மரவகை பூத்து ஓய்ந்ததும் இன்னொன்று பூக்குமாறு, ஆண்டு முழுதும் நகரின் ஏதேனும் ஒரு சாலையில் மலர் இருக்கும்படி மரங்களைத் தேர்ந்தார். அவருக்கு முன்பும் பின்பும் இந்நகரின் தோட்டங்களில் உழைத்தவர்களுள், தமிழ்மண்ணில் வேர்கொண்ட திகளர் சமூகத்தாருக்குப் பெரும்பங்கு உண்டு. ஜக்கரண்டா பூக்கும் சாலையில் மகிழுந்தில் செல்பவருக்கும் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவருக்கும் ஒரே ஊதா நிறம்தான் கிடைக்கிறது. காத்திருப்பவருக்கு ஒருவேளை சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும். லால்பாக்கிலும் நுழைவுச்சீட்டு உண்டு. ஆனால் மலரை முதலில் பார்க்க மரத்தடியில் இரண்டு வழிகள் இல்லை.

கேட்கப்படுவது பெரிதன்று. விரைவு வழியை உடனே கைவிட முடியாத பூங்காக்கள், ஒவ்வொரு சவாரியிலும் அதற்கு எத்தனை இருக்கைகள் ஒதுக்கப்படுகின்றன என்பதை வாசலிலேயே எழுதிவைக்கட்டும். அதில் வரும் பணத்தின் ஒரு பங்கு பொது வரிசையின் நிழலுக்கும் நீருக்கும் இருக்கைக்கும் செல்லட்டும். பள்ளிப் பிள்ளைகள் திரளாக வரும் நாள்களிலேனும் அவ்வழி மூடியிருக்கட்டும். வடிவமைப்புக் கல்லூரிகளும் சமூகவியல் துறைகளும் மூத்த கைவினைஞர்களைத் தேடிச் சென்று பதிவு செய்யட்டும். ஏக்கத்தைக் கேட்பதற்காக அன்று, சாட்சியத்தைப் பெறுவதற்காக.

பூங்காவை வகுத்தவர்கள் மக்களைக் காத்திருக்கவைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் எல்லோரையும் சேர்த்தே காத்திருக்கவைத்தார்கள். அந்தக் காத்திருப்பு வீணாகாதிருக்கத் தாமும் போய் வரிசையில் நின்று பார்த்தார்கள். இன்று வரிசைக்கு விலை குறிப்போரில் எத்தனை பேர் அதன் கடைசியில் நின்றிருப்பார்கள்?