தண்ணீரைச் சோதித்தால் போதுமா? குடிக்கிறவருக்குச் சொல்ல வேண்டாமா?

சேலம், நாமக்கல் பக்கம் தண்ணீரை இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒன்று நல்ல தண்ணி. இன்னொன்று உப்புத் தண்ணி. நாக்கு சொல்வதுதான் தீர்ப்பு!

ஆனால், நாக்கில் அகப்படாத திருடன் ஒருவன் இருக்கிறான். அவன் பெயர் புளோரைடு. நிறம் இல்லை, மணம் இல்லை, ருசியும் இல்லை. காய்ச்சினாலும் போக மாட்டான். தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் புளோரைடு இருக்க வேண்டும். வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். இது இந்தியத் தரக் கணக்கு. இதை மீறிய தண்ணீரை வருஷக் கணக்கில் குடித்தால் குழந்தைகள் பல்லில் காவிக் கறை விழும். எந்தப் பல்பொடிக்கும் அது போகாது. அளவு இன்னும் ஏறினால் எலும்பும் மூட்டும் இறுகி, குனிந்து நிமிர முடியாமல் போகும்.

இந்தத் திருடனைப் பிடிக்க வேண்டியது அரசு தண்ணீர் பரிசோதனைக்கூடம். அந்தக் கூடத்துக்கு லட்சியம் என்ன என்பதுதான் கேள்வி.

எத்தனை இஞ்ச் தண்ணி?

திருச்செங்கோட்டு ரிக் லாரி இந்தியா முழுக்கப் போகிறது. ஆயிரம் அடி என்றாலும் அசராமல் இறக்குகிறார்கள். தண்ணீர் பீறிட்டதும், "எத்தனை இஞ்ச் தண்ணிங்க?" என்று ஊரே கேட்கிறது. "எப்படிப்பட்ட தண்ணிங்க?" என்று கேட்பவர் அபூர்வம்.

ஆழத்தில் பாறை இடுக்கில் நெடுங்காலம் ஊறிக் கிடந்த தண்ணீர் அது. பாறையில் உள்ளது தண்ணீரிலும் கரைந்திருக்கும். மேட்டூர் காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற நாளில் கவலை இல்லை. வராத நாளில் போர் தண்ணீர்தானே கதி?

கிண்டி காட்டிய வழி

1937-ல் நெல்லூர் ஜில்லா சென்னை மாகாணத்தில் இருந்தது. அங்கே கிராமத்து ஜனங்களுக்கு முதுகு வளையவில்லை, மூட்டு மடங்கவில்லை. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் டைரக்டர் ஷார்ட்டும் அவருடைய சகாக்களும் நோயாளியின் எலும்பையும் பார்த்தார்கள். கிணற்றுத் தண்ணீரையும் பார்த்தார்கள். இரண்டுக்கும் முடிச்சுப் போட்டு, காரணம் புளோரைடு என்று உலகத்துக்குச் சொன்னார்கள்.

நாகபுரியில் இருக்கும் 'நீரி' ஆராய்ச்சி நிலையம் அடுத்த படி போனது. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்கி, புளோரைடைக் கீழே படிய வைக்கும் முறையைக் கொடுத்தது. அப்போது ஆந்திராவில் இருந்த, புளோரைடால் அவதிப்பட்ட நல்கொண்டாவின் பெயரே அந்த முறைக்கு வந்தது.

இரண்டு கூடங்களும் எண்ணை எழுதிவிட்டு ஏட்டை மூடவில்லை. மனிதனைப் பார்த்தன. அதுதான் லட்சியம்!

கூடம் இருக்கிறது, குறி வேண்டும்

குடிநீர் வடிகால் வாரியம் 1971-ல் தொடங்கியது. மாவட்டங்களில் அதற்குப் பரிசோதனைக்கூடங்கள் உண்டு. 2019-ல் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் வந்தது. பொதுமக்களும் குறைந்த கட்டணத்தில் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சோதிக்கலாம் என்றார்கள். கிராமத்துக்கு 5 பெண்களுக்குப் பயிற்சி, கையில் சோதனைப் பெட்டி என்றும் திட்டம் போட்டார்கள். எல்லாம் நல்ல காரியம்.

ஆனால் இத்தனை மாதிரி சோதித்தோம் என்ற கணக்கு லட்சியம் ஆகிவிடாது. லட்சியம் ஒரே வரியில் இருக்க வேண்டும்: "இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்பது, குடிக்கிறவருக்குத் தெரிய வேண்டும்."

அப்படியென்றால் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, முடிவைத் தமிழில், பெரிய எழுத்தில், மேல்நிலைத் தொட்டியிலும் ரேஷன் கடையிலும் எழுதி வைக்க வேண்டும். வெறும் எண் வேண்டாம். "குடிக்கலாம்", "துவைக்க மட்டும்" என்று எழுதினால் போதும்.

இரண்டாவது, ஒவ்வொரு கிணற்றுக்கும், போருக்கும் வருஷவாரியாகக் கணக்கு வேண்டும். போன கோடையில் எவ்வளவு, இந்தக் கோடையில் எவ்வளவு என்று தெரிந்தால்தான் ஆபத்து வருவது முன்கூட்டியே தெரியும்.

மூன்றாவது, சோதிக்கிற கை தனிக் கையாக இருக்க வேண்டும். தண்ணீர்த் திட்டம் போடுவதும் வாரியம், தண்ணீரைச் சோதிப்பதும் வாரியத்தின் கூடம் என்றால் எப்படி? கடைக்காரர் தன் தராசுக்குத் தானே முத்திரை குத்திக்கொள்ள முடியுமா? அதற்கு வெளியிலிருந்து அதிகாரி வருகிறார் அல்லவா? தராசுக்கு உள்ள நியாயம் தண்ணீருக்கும் வேண்டும்.

அமெரிக்காவில் பிளின்ட் நகரத்துக்கு 2014-ல் ஆற்றுத் தண்ணீரை மாற்றி விட்டார்கள். "தண்ணீர் நல்ல தண்ணீர்தான்" என்று அதிகாரிகள் சாதித்தார்கள். 2015-ல் வெளியிலிருந்து ஒரு பல்கலைக்கழகமும், ஒரு குழந்தை டாக்டரும் கணக்கை எடுத்த பிறகுதான் ஈயம் கலந்த உண்மை அம்பலமானது. பணக்கார நாட்டிலேயே இந்தக் கதி!

பீதி கிளம்புமா?

"போர்டு வைத்தால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள். மாற்றுத் தண்ணீருக்கு எங்கே போவது?" என்று ஒரு வாதம் வரும்.

ஒரு குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் வேண்டியது சில குடம்தான். குளிக்க, துவைக்க, மாட்டுக்கொட்டகை கழுவத்தான் மீதி எல்லாம். எது எந்தத் தண்ணீர் என்று தெரிந்துவிட்டால், வீட்டுப் பெண்களே குடத்தைப் பிரித்து வைத்துக்கொள்வார்கள். தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

தெரிந்தால் பெரிய காரியமும் நடக்கும். 1965 வரை சேலம் ஜில்லாவோடு இருந்தது தர்மபுரி. அங்கும் கிருஷ்ணகிரியிலும் புளோரைடு கொடுமை ஊரறிந்த விஷயமானது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. புளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்பது அந்தத் திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது!

கண்ணாடிக் குழாயில் தெரிந்த உண்மை, சமையல்கட்டுக் குடம் வரை போய்ச் சேர வேண்டும். பாதி வழியில் ஃபைலுக்குள் தங்கிவிட்டால், சோதித்தும் பயனில்லை. பிள்ளைகளின் பல்லில் கறை விழுந்த பிறகு எந்த அறிக்கை வந்து என்ன லாபம்?