குறியீட்டில் சிக்காத இருமல்

கேரளத்தின் மலைத் தோட்டப் பகுதியான சித்திரபுரத்தின் சமூக சுகாதார நிலையத்தில், ஓ.பி. வரிசையில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லயத்து வீட்டில் இருபது வருடம் விறகடுப்பு ஊதியவர். “மேடு ஏறுனா இளைக்குது டாக்டர், இருமலும் விடல” என்கிறார். நெரிசலில் அது வெறும் இருமலாகப் பதிவானால், ஐசிடி-10 என்னும் நோய்க் குறியீட்டுப் பட்டியலில் அதற்கு ஆர்05. ஸ்பைரோமெட்ரி கருவியில் ஊதவைத்து, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு என்று உறுதிசெய்தால் ஜே44. நோயாளி ஒருவர்தான். ஆனால், குறியீடுகளைக் கூட்டி ஆபத்தைக் கணிக்கும் மென்பொருள் முதல் பதிவைக் கடந்துபோகும். இரண்டாவதில்தான் நின்று பார்க்கும்.

இத்தகைய கணிப்புகளுக்கு முன்னோடி 1987இல் மேரி சார்ல்சன் குழுவினர் வெளியிட்ட அட்டவணை. 19 நோய்நிலைகளுக்கு 1 முதல் 6 வரை மதிப்பெண். நுரையீரல் நோய்க்கு 1, இருமலுக்கு ஒன்றுமில்லை. ஆயிரக்கணக்கானோரில் யாரை முதலில் கவனிப்பது என்று எந்த மருத்துவராலும் தனியே சொல்ல முடியாது. ஆகவே கருவி தேவைதான். ஆனால், சோதனை செய்யப்படாத நோயை ‘இல்லாத நோய்’ என்று அது கணக்கிடுவதை ஏற்க முடியாது.

அமெரிக்காவில் இதன் விளைவு தெரிந்துவிட்டது. மருத்துவச் செலவையே நோயின் அளவுகோலாகக் கொண்ட மென்பொருள் ஒன்றை 2019இல் ‘சயின்ஸ்’ இதழ் ஆய்வு அம்பலப்படுத்தியது. செலவழிக்க வழியற்ற கறுப்பினத்தவர் நலமானவர்களாகத் தெரிந்தார்கள். பிழையைத் திருத்தினால், கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாவோரில் அவர்கள் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று ஆய்வு காட்டியது. ஒரு நாள் கூலியை விட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வர முடியும் என்ற நிலையில் உள்ள தோட்டத் தொழிலாளிக்கும் இதே கதிதான் நேரும்.

கேரளத்தில் மருத்துவமனைப் பதிவுகள் இ-ஹெல்த் வழியே கணினிக்கு மாறி வருகின்றன. 2022 முதல் தொற்றாநோய்களைக் கண்டறிய ‘ஷைலி’ செயலியுடன் ஆஷா பணியாளர்கள் வீடு வீடாகச் செல்கிறார்கள். தேசியத் தொற்றாநோய்த் திட்டத்தின் படிவம் விறகடுப்பைப் பற்றிக் கேட்கிறது. ஆபத்து மதிப்பெண்ணில் மட்டும் அதைச் சேர்ப்பதில்லை. அடுப்படிவரை போய் அறிந்த தகவல் கணக்குக்கு வெளியே நிற்கிறது.

குறியீட்டுக் கணிப்பைக் கொண்டுவரும் முன் அரசு மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். நுரையீரல் அடைப்பு நோய்க்கான ‘சுவாஸ்’ திட்டத்தின் ஊதல் சோதனை மலைத் தோட்டங்களில் தவறாமல் நடக்க வேண்டும். ஆஷா எழுதிய அடுப்புப் புகையும் மதிப்பெண்ணில் சேர வேண்டும். மதிப்பெண் குறைவு என்றாலும் ‘இவரைப் பாருங்கள்’ என்று பரிந்துரைக்கும் அதிகாரம் செவிலியருக்கு வேண்டும். ஊதவைக்காமலே பூஜ்யம் போடும் மென்பொருள் எவ்வளவு வேகமானாலும் மலைக்கு உதவாது.