பனி பெய்யாத ஊரின் குளிர்காலம்

"ஸ்டீக்லிட்ஸுக்குப் பனி பெஞ்சுது, படம் எடுத்தாரு. ஒமக்கு என்னவே பெய்யும் திருநெல்வேலில?" என்று கேட்டார் நண்பர். கேமரா வைத்திருக்கிறவர், கோடையில்கூட காசிக்குப் போய் மூடுபனி தேடுகிற ஆள். அவருக்கான பதில்தான் இது. அவர் ஒருத்தருக்கு மட்டுமல்ல.

1893 பிப்ரவரி 22 அன்று நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில், பனிப்புயலுக்குள் மூன்று மணிநேரம் காத்து நின்றார் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ். கையில் பிடித்து எடுக்கும் கேமராவைக் கலை என்று பேசியவர்கள் மதிக்காத காலம் அது. அவரிடம் இருந்ததோ இரவல் கேமரா. எதிரே தடுமாறி வரும் குதிரைவண்டி. நெகட்டிவைப் பார்த்த சக புகைப்படக்காரர்கள் சிரித்து, ஈரமும் மங்கலுமான இதைத் தூக்கி எறி என்றார்களாம். பின்னாளில் அவரே சொன்னது. எறியவில்லை. ஓரங்களை நிறைய வெட்டிவிட்டு அச்சிட்டார். அதே குளிர்காலத்தில்தான் 'தி டெர்மினல்': குதிரை டிராமின் முனையம், ஆவி பறக்கும் குதிரைகள், பக்கத்தில் வண்டிக்காரர். இந்தப் படங்களில் என்னை நிறுத்துவது பனி இல்லை. அந்தப் பொழுதில் வேலைக்கு வந்தாக வேண்டியிருந்த மனுசன்.

நம் பக்கத்துக் கதை வேறு. 1858இல் மதுரையையும் தஞ்சையையும் படம்பிடித்த லின்னேயஸ் ட்ரைப், நெகட்டிவில் மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்தவர். அந்த நீண்ட எக்ஸ்போஷரில் நடமாடுகிறவர்கள் கரைந்துபோவார்கள். கோபுரம் நிற்கும், தெரு காலி. குறை அவருடையதில்லை, காலத்தினுடையது. ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் படமெடுக்கும் கருவியை வைத்துக்கொண்டு, இன்றைக்கும் ஆளைத் துடைத்துவிட்டுக் கோபுரத்தை எடுக்கிறோமே, அதற்கு என்ன சாக்கு? மார்கழிக் கோலம், ஆற்றில் சூரியோதயம், ஒற்றைப் படகு. படகு இல்லாத இடத்துக்கு வாடகைக்குக் கொண்டுவருவார்கள் போல.

எங்கள் குளிர்காலம் வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாமிரபரணி ஏறும், குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கும், உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துப் போவார்கள். முங்கிய கோயில் படம் வருசா வருசம் பேப்பரில் வரும். அதே நேரத்தில் கைலாசபுரத்திலோ மீனாட்சிபுரத்திலோ வீட்டுக்குள் தண்ணி வந்து, பாயைச் சுருட்டிப் பரணில் ஏற்றும் பெண்ணுக்கு யார் மூன்று மணிநேரம் காத்து நிற்கிறார்கள்?

2023 டிசம்பர் 17, 18இல் ஆறு ஜங்ஷனுக்குள்ளேயே வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அன்று நான் எடுத்த ஒரு படம்: இடுப்பளவுத் தண்ணியில் ஒருத்தர் டீக்கடை பாய்லரைத் தலையில் சுமந்து வருகிறார். லென்ஸில் மழை. பாதி மங்கல். ஒரு கண்காட்சிக்கு அனுப்பினேன். "இது செய்திப் படம், கலைப் படம் இல்லை" என்று திருப்பிவிட்டார்கள். அவர்கள் தொங்கவிட்டதில் மூன்று கோலம், நாலு மூடுபனி. என் படம் மோசம் என்று சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். வெள்ளம் செய்தி, மூடுபனி கலை என்கிற அந்தப் பங்கீடு இருக்கிறதே, அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஐந்தாம் அவென்யூவில் புயல் செய்தியாக இல்லையா?

அடுத்தவன் கஷ்டத்தில் அழகு தேடுகிறாயே என்றும் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மூடுபனிக்காரர்களை யாரும் கேட்காத கேள்வியும்கூட. அன்று நான் கேமராவைக் கீழே வைத்துவிட்டு ஒரு கை பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. அது உறுத்தத்தான் செய்கிறது.

தண்ணி வடிந்து ஒரு மாசம் கழித்து அச்சுப்படத்தை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப்போனேன். அதே பாய்லரில்தான் டீ கொதித்துக்கொண்டிருந்தது. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. மூஞ்சி தெரியலியே அண்ணாச்சி? இன்னொண்ணு எடும்."

எடுத்தேன். கடை வாசலில், தலை வாரி, சட்டைப் பொத்தானைப் போட்டு நின்றார். அந்தப் படத்தைத்தான் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார்.