தூக்குக் கயிற்றால் கஞ்சா ஒழியாது

"விக்கிறவன் நாலு பேரைத் தூக்குல போடு, ஊர் தன்னால திருந்தும்." கஞ்சா வழக்குச் செய்தி வரும்போதெல்லாம் எங்கள் ஊரான சேவூரின் டீக்கடைகளில் எழும் பேச்சு இது. பிள்ளை பெற்றவர்களின் பயம் நியாயமானது. அவர்கள் நம்பும் மருந்துதான் தவறு.

தண்டனைக்கு இங்கே என்ன பஞ்சம்? 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, 20 கிலோவுக்கு மேல் கஞ்சா கடத்தினால் குறைந்தது 10 ஆண்டு, கூடினால் 20 ஆண்டு கடுங்காவல். ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. சில போதைப்பொருள்களைப் பெருமளவில் கடத்தி மறுபடி சிக்குவோருக்கு மரண தண்டனை 1989இலேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 1982 முதல் குண்டர் சட்டமும் இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு ஆந்திர, ஒடிசா மலைச் சரக்கு காட்பாடி வழியாக ரயிலேறி வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஓட்டை வேறிடத்தில். 2020இல் சென்னை மெரினா போலீசார் 22 கிலோ கஞ்சாவுடன் இருவரைப் பிடித்தார்கள். 2023இல் தீர்ப்பு வந்தபோது இருவரும் விடுதலை. சோதனைக்கு எடுத்த சில கிராம் போக மீதியை எலி தின்றுவிட்டதாகப் போலீஸ் சொன்னது. சரக்கு இல்லாமல் குற்றம் நிரூபணமாகவில்லை. அந்த வழக்கில் 20 ஆண்டை 40 ஆண்டாக்கியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. தண்டனை ஏற ஏற, சோதனை, மாதிரி, முத்திரை என ஒவ்வொரு படியிலும் பிசகு கூடாது என்று நீதிமன்றம் கேட்கும். கேட்கத்தான் வேண்டும். அந்த வேலையைச் செய்யாமல் சட்டத்தை மட்டும் முறுக்கினால், பணம் போட்டவன் வெளியே இருப்பான். கூலிக்குப் பை சுமந்த பையன் உள்ளே கிடப்பான். அவன் எங்கள் ஊர் நெசவாளி வீட்டுப் பிள்ளையென்றால், வாய்தாவுக்கு வாய்தா அப்பா கோர்ட்டுக்கு அலைவார். அன்றைக்குத் தறி ஓடாது. ஓடாத தறிக்குக் கூலியும் கிடையாது.

அப்படியானால் கடத்துகிறவனை விட்டுவிடுவதா? கூடவே கூடாது. பிடிபட்ட சரக்கு பத்திரமாக நீதிமன்றம் சேரட்டும். ஆய்வக அறிக்கை தாமதமின்றி வரட்டும். பையைச் சுமந்தவனோடு விசாரணை நிற்காமல் பணம் போட்டவன் வரைக்கும் போகட்டும். பழக்கத்துக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து முழுச் சிகிச்சை பெற்றால், சிறிய அளவு வைத்திருந்த வழக்கிலிருந்து அதே சட்டத்தின் 64ஏ பிரிவு காக்கிறது. நம் தெருக்களில் எத்தனை தாய்மாருக்கு இது தெரியும்?

அகப்படுவோம், தப்ப முடியாது என்ற பயம்தான் கடத்தல்காரனைத் தடுக்கும். அந்தப் பயத்தை உண்டாக்கப் புதுச் சட்டம் வேண்டாம். இருக்கிற சட்டத்தை ஒழுங்காக நடத்தும் அரசு வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியது அதைத்தான்.